கிரைண்டரும் கொசுவும்

எங்கள் வீட்டுக்குக் கார் வந்த பிறகுதான் அப்பா அம்மா சண்டை ஊர் எல்லையைத் தாண்டியது. அதற்கு முன்னால் அது வீட்டுக்குள்ளேயே நடக்கும். மிஞ்சிப்போனால் குழாயடி வரை வரும். கார் வந்ததும் தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று நாலு சக்கரத்தில் ஏறிச் சுற்ற ஆரம்பித்தது. பின்சீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டு வருவதுதான் அந்த நாளில் என் முக்கியமான வேலை. நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். தம்பிக்கு இன்னும் பேச்சே வரவில்லை. அதனால் இரண்டு பேரும் நியாயம் கேட்டுத் திரும்பும்போது காரில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

கார் மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. நம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு வருகிற வெளிநாட்டு ஆபீசர்களை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவர் தொழில். புதுக் கார் எடுத்ததும், பழையதை வெளியாளுக்குத் தள்ள மனசு வராமல், அக்கா வீட்டுக்கே கொடுத்தார். சாவியைக் கொடுக்கும்போது பானெட்டைத் தடவி, "கொயந்த மாரி வச்சிருந்தேன் மாமா, பாத்துக்கோங்க" என்றார். அப்போது அவர் கண் கலங்கியது என்று அம்மா சொல்வாள். தூசி விழுந்தது என்று அப்பா சொல்வார்.

அப்பா இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் இருந்தார். தகட்டை மிஷின் ஓங்கி அடித்துக் கார்க் கதவாக ஆக்குகிற இடம் அது. ஒரு ஆயுத பூஜைக்கு எங்களையெல்லாம் உள்ளே விட்டு, வேடிக்கை காட்டுவதற்காக ஒரே ஒரு மிஷினை ஓட்டிக் காண்பித்தார்கள். அதற்கே நான் அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொண்டேன். அப்பா தினமும் அங்கே நின்றுவிட்டு, பாட்டு அலறும் கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஃபேனும் டிவியும் ஓடுகிற வீட்டுக்கு வருவார். எங்கள் வீட்டு டிவி தெருவுக்கும் சேர்த்துத்தான் பாடும். அப்பா பேசுவதும் அப்படியே. எங்கள் தெருவில் பாதி அப்பாக்கள் அப்படித்தான் பேசினார்கள் என்பதால், அப்பா என்றாலே கத்திப் பேசுகிறவர் என்று நான் நினைத்திருந்தேன்.

கார் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஏசியைப் போட்டு, கண்ணாடியையெல்லாம் ஏற்றிவிட்டு, ஹைவேயில் கொஞ்ச தூரம் போனோம். அப்பாவுக்கு ஒரே பெருமை. ஸ்டியரிங்கைக் கல்யாண மாப்பிள்ளை மாலையைப் பிடிப்பது மாதிரி பிடித்திருந்தார். திடீரென்று முகம் மாறியது.

"இன்னா சத்தம் அது?" என்றார்.

பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்த அம்மா காதைக் கொடுத்துக் கேட்டாள். "ஆமாங்க, கீது. கிரைண்டர் ஓட்ற மாரி."

"கிரைண்டரா? கொசு மாரி கீது. காதாண்ட ஊய்ய்னு."

"கொசு எங்கேருந்து வரும் கண்ணாடி மூடின காருக்குள்ள? என் சீட்டுக்கு அடில உர்ர்ர்னு கீதுங்க. நீங்க ஸ்பீடா போனா அதுவும் ஸ்பீடா ஆவுது."

எனக்குக் கேட்டது அம்மா சொன்னதுதான். ஆனால் அப்பா கார்க் கதவு செய்கிறவர். கார் செய்கிறவருக்குக் கேட்பது, மாவு அரைக்கிறவருக்குக் கேட்பதைவிடச் சரியாகத்தானே இருக்க வேண்டும்? அதனால் நான் கொசுவையும் தேட ஆரம்பித்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ரொம்பவும் முயன்றால் லேசாகக் கேட்டது மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

மாமாவை வரச் சொன்னார்கள். அவர் காரை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "ரோடு சத்தம் மாமா" என்றார். "புது ரோடு போட்டுகினு கீறான் இல்ல, அதான்."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓடி ஓடித் தேஞ்ச வண்டிய என் தலைல கட்டிட்டு, ரோட்டுமேல பழி போட்றியா?"

சொன்னது அவ்வளவுதான். ஆனால் மாமாவின் முகம் சின்னதாகிவிட்டது. ஊரெல்லாம் நம்பி ஏறுகிற வண்டிக்காரரை, சொந்த அக்கா வீட்டுக்காரர் ஏமாற்றுக்காரர் என்று சொன்னதாக ஆகிவிட்டது. அதுவும் எந்தச் சமயத்தில்? தம்பிக்குக் காது குத்துக்கு நாள் குறித்திருந்த சமயத்தில். மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் எங்களில் காது குத்துவார்கள். மற்ற எதற்கும் மாற்று ஏற்பாடு உண்டு, மடிக்குக் கிடையாது. அம்மாவுக்கு இருந்தது ஒரே தம்பி என்பதால், உலகத்திலேயே எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு மடிதான்.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எக்கா, அந்த சத்தம் போவட்டும். போயிடுச்சுன்னு மாமா அவரு வாயாலயே எனக்கு சொல்லட்டும். அப்பதான் நான் காது குத்துக்கு வருவேன். இல்லன்னா என் வண்டிய என் வூட்டாண்ட நிறுத்திட்டு, கொயந்தைக்கு வேற மாமன தேடிக்கோங்க."

வேறு மாமன் எங்கே கிடைப்பான் என்று அன்று இரவு நான் உண்மையாகவே யோசித்தேன். அம்மா சோறு போடும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே போட்டாள். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்டலத்தில் ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. அந்த மெக்கானிக் எதையும் தொடுவதற்கு முன்னால் ரொம்ப நேரம் பேசுகிறவர். பானெட்டைத் திறக்கவேயில்லை. "மொதல்ல சத்தத்த வாயால செஞ்சி காட்டுங்க சார்" என்றார்.

அப்பா உதட்டைக் குவித்து, "ஊய்ய்ய்ய்" என்றார். தன் முறை வரும் வரை காத்திருக்காமல் அம்மா, "இல்லீங்க, உர்ர்ர்ரூம்" என்றாள். ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து, "பாப்பா, நீ சொல்லு" என்றார். யாரையும் விட்டுக்கொடுக்க மனசில்லாமல் நான் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து காட்டினேன்.

"வூட்ல ரெண்டு வண்டி வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டார் மெக்கானிக்.

கடைசியில் ஸ்டியரிங் பிடிக்கிறவர் பேச்சைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். ஊய் என்றால் காற்று. காற்று என்றால் கதவு ரப்பர். கதவில் குற்றம் என்றதும் அப்பா கொஞ்சம் முறைத்தார். ஆனாலும் நாலு கதவுக்கும் புது ரப்பர் போட்டார்கள். கதவைச் சாத்துவது அழகாக இருந்தது. சத்தம் இருந்தது. அப்பாவுக்குக் கொசுவாகவும் அம்மாவுக்குக் கிரைண்டராகவும் இருந்தது.

அடுத்த முறை போனபோது மெக்கானிக் அம்மா பேச்சுக்கு மாறினார். உர்ர் என்றால் டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கும் என்று, முன்னால் இருந்த டயர்களைப் பின்னாலும் பின்னால் இருந்தவற்றை முன்னாலும் மாற்றிப் போட்டார். டயர்தான் காரணம் என்றால் சத்தமும் டயரோடு இடம் மாற வேண்டுமாம். அது மாறவில்லை. அம்மாவின் சீட்டுக்கு அடியிலேயே குடியிருந்தது. மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். எல்லோரும் என்றால் மாமாவும்தான் என்று அம்மா முடிவுகட்டினாள். காது குத்துக்கு அதிக நாள் இல்லை. அவள் மாமா வீட்டுக்கே போய், அழுது, கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. தொழிற்பேட்டைக்குள் போகிற அகலமான ரோடு லாரி இல்லாமல் காலியாகக் கிடந்தது. மெக்கானிக் ஓட்டினார், பக்கத்தில் அப்பா. பின்னால் ஒரு ஓரத்தில் மாமா, இன்னொரு ஓரத்தில் அம்மா, நடுவில் தம்பியைப் பிடித்துக்கொண்டு நான். மாமா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வேகம் பிடித்ததும் மெக்கானிக் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார், உடனே இடப்பக்கம் ஒடித்தார். மறுபடி வலம், மறுபடி இடம். நானும் தம்பியும் மாமா மேலும் அம்மா மேலும் மாறி மாறிச் சாய்ந்தோம். தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ரைட்ல திருப்புனா ஜாஸ்தியாவுது!" என்று அம்மா கத்தினாள். "லெஃப்ட்ல போனா கம்மியாவுது!"

மாமாவும் காதைத் தீட்டிக்கொண்டார். தன் வண்டிக்கு எதிராகச் சாட்சி சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். ஆனாலும், "ஆமாக்கா. கீது" என்றார்.

நாங்கள் இப்படி வளைந்து வளைந்து போவதைப் பார்த்துவிட்டு ஒரு கம்பெனி கேட்டிலிருந்து செக்யூரிட்டி ஓடிவந்தார். ரோட்டில் நின்று விசில் ஊதினார். அப்பா சீட்டில் துள்ளி எழுந்து, "தோ! இதான்! இந்த சத்தம்தான்!" என்றார்.

"சார், அது விசிலு" என்றார் மெக்கானிக்.

மாமா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டாள். அப்பா சிரிக்கவில்லை. செக்யூரிட்டி விசிலை வாயிலிருந்து எடுத்த பிறகும் அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் பின்பக்கம், அம்மா உட்கார்ந்திருந்த பக்கம், ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். மெக்கானிக் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். கரகரவென்றது. அதற்குப் பக்கத்தில் இருந்த ஸ்பிரிங்மேல் எல்லோரையும் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். நான் வைத்தேன், கையில் மணல் ஓடுவது மாதிரி இருந்தது. அப்பா வைத்தார். வைத்தவர் கையை எடுக்கவேயில்லை. சக்கரம் நின்றதும், "இன்னொருதபா சுத்து" என்றார். சுற்றினார்கள். அப்பாவின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "கெடச்சிடுச்சு" என்றார். "கைலயே தெரியுதே!"

"பேரிங் போயிடுச்சு சார்" என்றார் மெக்கானிக், முதலிலிருந்தே தெரியும் என்பது மாதிரி.

இங்கேதான் எனக்குக் குழம்பியது. போய்விட்ட பொருள் எப்படிச் சத்தம் போடும்? வழியில் எங்கேயாவது விழுந்திருக்குமோ என்று காருக்கடியில் குனிந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மெக்கானிக் ஒரு இரும்பு வளையத்தைக் கழற்றி எடுத்துவந்து, "போன பேரிங் இதான் பாப்பா" என்று என் கையிலேயே கொடுத்தார். கிரீஸ் மணத்தோடு கனமாக இருந்தது. போன பொருள் கையில் இருந்தது. அந்தச் சக்கரத்தில் புது பேரிங் போட்டு முடிக்கும் வரை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திரும்பும்போது அப்பா ஓட்டினார். வண்டி ஹைவே ஏறியது. வேகம் பிடித்தது. கிரைண்டர் இல்லை. நிஜமாகவே இல்லை. டயர் ரோட்டில் ஓடுகிற சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா சீட்டில் சாய்ந்துகொண்டு, "அப்பாடா" என்றாள். மாமா முன்பக்கம் எட்டி, "இன்னா மாமா?" என்றார். குரலில் பழைய மாமா வந்திருந்தார். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாங்கள் எல்லோரும் அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்பா ஏசியை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"இன்னும் கீது" என்றார்.

மாமா, "வண்டிய நிறுத்துங்க" என்றார். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் வந்திருந்தது. இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "செவுடன்கூட சொல்லுவான் மாமா, சத்தம் இல்லன்னு. ஒங்களுக்கு வண்டில கொற இல்ல, என்மேலதான் கொற. பரவால்ல." புது ரப்பர் போட்ட கதவு அழகாகச் சாத்திக்கொண்டது. அவர் டீக்கடைக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அம்மா வீட்டுக்கு வந்து அழுத அழுகையை நான் மறக்கவே முடியாது. "எந்தம்பிய அசிங்கப்படுத்தணும், அதானே ஒங்களுக்கு வேணும்?" என்று கேட்டாள். அப்பா, "சத்தம் கேட்டா கேக்குதுன்னுதானே சொல்ல முடியும்?" என்றார். வழக்கம்போலக் கத்தித்தான் சொன்னார். ஆனால் அதில் கோபம் இல்லாத மாதிரி எனக்குத் தோன்றியது. கோபம் இல்லாமல் ஏன் கத்த வேண்டும்? எனக்கு அப்பாமேல் கோபமாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

மறுநாள் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், காப்பிகூடக் குடிக்காமல், "பாப்பா, வா, ஒரு ரவுண்டு போலாம்" என்றார். எங்கே என்று அம்மா கேட்கவில்லை. அவள்தான் பேசுவதை நிறுத்தியிருந்தாளே. என்னை முன்சீட்டில் உட்காரவைத்தார். முன்சீட்டில் உட்காரும் பெருமையில் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

ஊரைத் தாண்டி ஏரிக்கரை ரோட்டில் போனோம். "கேக்குதா?" என்றார். "இல்லப்பா" என்றேன். வேகமாகப் போனார். "இப்ப?" "இல்ல." மெதுவாகப் போனார். "இப்ப?" "இல்லப்பா." கரைமேல் ஒரு வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். என்ஜினை அணைத்தார். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். கண்ணாடியெல்லாம் ஏறியிருந்தது.

"இப்ப?" என்றார்.

"வண்டியே ஓடலையேப்பா!"

"தெரியும்மா. நல்லா கேட்டுட்டு சொல்லு. கேக்குதா இல்லியா?"

இது பள்ளிக்கூடத்தில் டீச்சர் மடக்குவதற்காகக் கேட்கிற கேள்வி மாதிரி இருந்தது. தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டேன். "ஒண்ணுமே கேக்கலப்பா" என்றேன்.

அப்பா இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்தினார், எடுத்தார், மறுபடி பொத்தினார். அது விளையாட்டு என்று நினைத்து நானும் பொத்திப் பொத்தி எடுத்தேன். அவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பிறகு போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டார்.

"மாப்ள, போயிடுச்சுப்பா. ஆமா... பாப்பாவும் கூட கீது, அவளும் கேட்டா. வண்டில சத்தம் இல்ல. நாந்தான் தப்பா சொல்லிட்டேன், மனசுல வச்சிக்காத. புள்ளைக்கு நீ வரணும்."

அந்தப் பக்கம் மாமா என்ன சொன்னாரோ, அப்பா போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றி மாற்றி, "ஆங்? இன்னா? சரி சரி" என்றார்.

காது குத்து ஜாம்ஜாமென்று நடந்தது. மாமா தட்டுத் தட்டாகச் சீர் எடுத்துவந்தார். மொட்டைத் தலையோடு தம்பி அவர் மடியில் உட்கார்ந்து கோயிலே அதிரக் கத்தினான். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா மட்டும் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்ன ஒரு சொல்லில்தான் எல்லாம் கூடிவந்தது என்று எனக்குத் தலைகால் புரியாத கர்வம். அந்தச் சத்தத்தைப் பற்றி அப்பா பிறகு பேசவேயில்லை.

போன வருஷம்தான், நானும் அம்மாவும் வற்புறுத்தி அவரைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அத்தனை வருஷம் பிரஸ் ஷாப்பில் நின்றதில் காது மந்தமாகிவிட்டது, அதோடு காதுக்குள்ளேயே ஓயாமல் ஒரு சத்தம் இருக்கும், அது வெளியிலிருந்து வருவதில்லை, நிற்கவும் நிற்காது என்றார் டாக்டர். எவ்வளவு நாளாகக் கேட்கிறது என்று அவர் கேட்டதற்கு, "கார் வந்ததுலேருந்து" என்றார் அப்பா. ஃபேக்டரியில் தெரிந்தால் மிஷின் லைனிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். அம்மா டாக்டர் முன்னாலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

அன்று ஏரிக்கரையில், போனைச் சட்டைப்பையில் போட்ட பிறகும் அப்பா உடனே வண்டியை எடுக்கவில்லை. வெயில் தாழ்ந்திருந்தது. தண்ணீரில் கொக்குகள் நின்றுகொண்டிருந்தன. எனக்குப் பசித்தது, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் செய்தியைச் சொல்ல வேண்டும் என்று அவசரமாகவும் இருந்தது. அப்பா என் பக்கம் திரும்பி, வழக்கத்துக்கு மாறாக மெதுவாகக் கேட்டார்:

"பாப்பா, ஒண்ணுமே கேக்கலன்னு சொன்னியே, அது எப்பிடி கீது?"

அப்பா விடுகதை போடுகிறார் என்று நினைத்து நானும் கொஞ்ச நேரம் யோசித்தேன். விடை தெரியவில்லை.

"நீங்களே சொல்லுங்கப்பா" என்றேன்.